சுழலும் வட்டங்கள்

1938-இல் அமெரிக்காவின் பால்டிமோருக்கு மிசிசிப்பியிலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பாத்திரமோ கட்டையோ, கிடைத்ததையெல்லாம் சுழலவிட்டுக் குதூகலிப்பான். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் விவரித்த 11 ஆட்டிசக் குழந்தைகளில் முதல்வன் அவன்.

கானரின் கண் கூர்மையானதுதான். ஆனால் சுழற்சி தரும் உணர்வை உடல் தேடுகிறது என்று அவர் புரிந்துகொள்ளவில்லை.

அப்படிப் புரிந்துகொள்ளக் கற்றுத்தந்தவர் கலிபோர்னியாவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ். புலன் ஒருங்கிணைப்பு பற்றிய அவரது நூல் 1972-இல் வந்தது. சுற்றுவதும் குதிப்பதும் வெறும் குறும்பல்ல என்ற எண்ணம் மெல்லப் பரவியது.

அதற்கு முன்பே, ஆட்டிசமுள்ள டெம்பிள் கிராண்டின் அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், இறுக்குக்கூண்டுக்குள் மாடுகள் அமைதியாவதைக் கவனித்தார். பதின்வயதிலேயே தனக்கும் ஓர் இறுக்குப்பொறி செய்துகொண்டார். அதைப் பறிக்கப் பார்த்தவர்களும் உண்டு!

அமெரிக்க மனநலக் கையேட்டின் ஆட்டிச அளவுகோல்களில் புலனுணர்வு வேறுபாடு தனி அம்சமாக ஏறியது 2013-இல்தான்.