பந்தலின் மறுநாள்

சென்ற தை மாதத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மண்டபத்தின் வாயிலில் 'இயற்கையோடு இயைந்த திருமணம்' என்றெழுதிய பலகை ஒன்று எங்களை வரவேற்றது. உள்ளே சுவர் முழுவதும் பசுமை. அருகே சென்று தொட்டுப் பார்த்தபோதுதான் அது இலையன்று, இலையின் நிறத்தில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் என்பது தெரிந்தது. மேடையின் இருபுறமும் இருந்த ரோஜாக்களும் கார்னேஷன்களும் உண்மையான மலர்களே. ஆனால் அவை செருகப்பட்டிருந்த பச்சைக் கட்டிகள் பீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில் செய்த நுரை; மண்ணில் மட்காது, துகள் துகளாக உதிர்ந்து அங்கேயே கிடக்கும். வாயிலில் குலையோடு கட்டியிருந்த இரண்டு வாழைமரங்களைக் காட்டி, மண்டபப் பணியாளர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "இது ரெண்டும் ராத்திரியே போயிடும் சார், மாட்டுக்காரர் சொல்லி வெச்சிருக்கார். மத்ததெல்லாம் நாங்கதான் மூட்டை கட்டணும்."

ஒரு விழாவின் அலங்காரத்தை அது நிற்கும் நாளில் பார்த்து வியப்பது எளிது. மறுநாள் காலை அது எங்கே போகிறது, அதை அகற்றுபவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், தமிழகத் திருமணப் பந்தலின் வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

சங்கப் பாடல்களில் திருமண நிகழ்வை விரிவாகக் காட்டுபவை என்று அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்களை அறிஞர்கள் சுட்டுவது வழக்கம். நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலில் வரிசையாகக் கால் நட்ட பெரும்பந்தல் இருக்கிறது. கொண்டுவந்து பரப்பிய புதுமணல், ஏற்றிவைத்த மனைவிளக்கு, தொங்கவிட்ட மாலைகள் இருக்கின்றன. அலங்காரம் அவ்வளவே. மணமகளை நீராட்டும் மகளிர் நீரோடு பூவையும் நெல்லையும் சேர்த்துச் சொரிகிறார்கள். விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலில் வாகையின் இலையும் அறுகின் முகையும் வெண்ணூலில் சேர்த்துச் சூட்டப்படுகின்றன. அந்த அறுகு, கன்று கடித்து மேய்ந்த அறுகு என்பதையும் புலவர் சொல்லாமல் விடவில்லை. மணமகளுக்குச் சூட்டியதும் கன்றுக்குத் தீவனமானதும் ஒரே பள்ளத்தில் முளைத்த புல்.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது காட்சி மாறிவிடுகிறது. கண்ணகியின் மணம் நிகழ்வது புகாரின் பெருவணிகர் இல்லத்தில். வயிரமணித் தூண்களும் நீலப்பட்டு விதானமும் முத்துப்பந்தலுமாக இளங்கோ அதை வருணிக்கிறார். செல்வம் மிகுந்த இடத்தில் அலங்காரம் இலையை விட்டுப் பட்டுக்கும் முத்துக்கும் தாவிவிடும் என்பது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. பழங்காலத்தில் எல்லாமே எளிமையாக இருந்தன என்று பேசுவோர் இந்தப் பந்தலையும் நினைவில் கொள்வது நல்லது.

அதே புகாரில் நடந்த இந்திரவிழாவுக்கு ஊரை அணிசெய்யுமாறு முரசறையப்படுவதை மணிமேகலையின் விழாவறை காதை கூறுகிறது. பூரணகும்பங்களையும் பாலிகைகளையும் பாவை விளக்குகளையும் பரப்பச் சொல்கிறான் முரசறைவோன். காய்க்குலையோடு கூடிய கமுகையும், வாழையையும், வஞ்சியையும், பூங்கொடிகளையும், கரும்பையும் நடச் சொல்கிறான். பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பச் சொல்கிறான். பட்டியலைப் படிக்கும்போது நமக்கு வியப்பு ஏற்படுவது அதன் பழமையால் அன்று, அது இன்னும் பழகிய பட்டியலாக இருப்பதால்தான். வாழையும் கமுகங்குலையும் கரும்பும் இன்றும் கல்யாண வாயில்களில் நிற்கின்றன.

இவை ஏன் நிலைத்தன? மங்கலம் என்ற நம்பிக்கை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்குக் கீழே ஒரு வீட்டுக் கணக்கும் இருந்தது. குலை தள்ளிய வாழை எப்படியும் வெட்டப்பட வேண்டிய மரம். அதன் கன்றுகள் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். விழா முடிந்ததும் குலை பழுக்கப் போகும், தண்டு சமையலுக்கோ மாட்டுக்கோ போகும், மட்டையை உரித்துக் காயவைத்தால் பூத்தொடுக்கும் நாராகும். பந்தலில் வேய்ந்த கீற்று, பிரித்த பின் மாட்டுக்கொட்டிலின் கூரைக்கு ஏறும். அங்கும் நைந்துபோனால் அடுப்புக்குப் போகும். அரிசிமாக் கோலம் எறும்புக்கு. முளைப்பாலிகையில் வளர்ந்த நவதானியப் பயிர் ஆற்றுக்கோ குளத்துக்கோ. சில சமூகத்தாரிடையே முகூர்த்தக்காலாகக் கல்யாண முருங்கையின் கிளையை நடும் வழக்கம் உண்டு. மரத்தின் பெயரே அதைச் சொல்கிறது. வெட்டி நட்டாலே வேர்பிடித்துவிடும் மரம் அது. மணநாளில் நட்ட கொம்பு கொல்லையில் மரமாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

தென்னங்குருத்துத் தோரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மங்கலத் தோரணத்துக்கு ஒரு மடிப்பு, சாவு வீட்டுத் தோரணத்துக்கு வேறு மடிப்பு. ஓலை ஒன்றுதான், விரல்கள் மடிக்கும் முறைதான் செய்தியை மாற்றுகிறது. தெருவில் நடந்து போகிறவருக்குத் தோரணத்தைப் பார்த்தே எந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு நுழைய வேண்டும் என்பது விளங்கும். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த கண்கள் இன்று குறைந்துவிட்டன.

இதுவரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டால் இது இனிமையான கட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் பந்தலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரிமைகொண்டான் என்ற பெயரில் வெளியிடப்பட்ட அரசாணை ஒன்று கல்வெட்டாக இருக்கிறது. வெங்காலநாட்டுக் கம்மாளருக்கு அரசன் சில உரிமைகளை அளிக்கிறான்: அவர்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம்; வெளியே போகும்போது செருப்பு அணியலாம்; தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் அனுமதித்தான் என்றால், அதுவரை அனுமதி இல்லை என்று பொருள். கோயில்களையும் மாளிகைகளையும் கட்டித் தந்த கைகளுக்குத் தம் சொந்தச் சுவரை அழகுபடுத்திக்கொள்ள அரசாணை வேண்டியிருந்தது.

வலங்கை இடங்கைப் பூசல்களைப் பற்றிய காலனியக் காலத்துக் குறிப்புகளில் திருமணப் பந்தலின் கால்களே வழக்குப்பொருளாக வருகின்றன. வலங்கையினர் பன்னிரண்டு கால் நட்டுப் பந்தல் போடலாம், இடங்கையினர் பதினொன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது அன்று உரிமை கோரப்பட்ட ஒரு விதி. ஒரே ஒரு மூங்கிற்கால். அதற்காக ஊர்கள் இரண்டுபட்டன.

பந்தலின் மேற்கட்டியாக வெள்ளைத் துணி கட்டியதும் மணமக்கள் நடந்துவர நடைபாவாடை விரித்ததும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள். துவைத்துத் துவைத்து மீண்டும் மீண்டும் பயன்பட்ட அந்தத் துணியை இன்றைய மொழியில் 'மறுபயன்பாடு' என்று நாம் பாராட்டலாம். ஆனால் அதைக் கட்டியவர்கள் அந்தப் பந்தலின் கீழ் மற்றவர்களோடு சமமாக அமர்ந்து உண்ண முடியாது என்பதும் அதே துணியின் வரலாறுதான். மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்தவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் காலம் வைத்திருந்த பதில், பிறப்பு.

இதனால்தான் தெர்மோகோலும் வண்ணக் காகிதமும் பிளாஸ்டிக் தோரணமும் வந்தபோது அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பை வெறும் ரசனைக்கேடு என்று எம்மால் ஒதுக்க முடியவில்லை. கடையில் காசு கொடுத்தால் எவரும் வாங்கலாம். எத்தனை கால், என்ன கொடி என்று எவரும் கேட்க முடியாது. அந்த மலிவான மினுமினுப்பில் ஒருவகை விடுதலையும் இருந்தது. அதற்கு ஈடாக நாம் கொடுத்த விலை, மறுநாள் எங்கும் போக இடமில்லாத ஒரு குப்பை.

அந்த விலையைப் பின்னர் சட்டமும் கணக்கிட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு பல ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. உணவு மேசையில் விரிக்கும் தாளும் பிளாஸ்டிக் கொடிகளும் அவற்றுள் அடங்கும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் வந்த தடைப்பட்டியலைத் திருமண வீட்டின் கண்ணோடு படித்தால் தனிச்சுவை தெரியும்: அலங்காரத்துக்கான தெர்மோகோல், பலூன் குச்சிகள், அழைப்பிதழ்மேல் சுற்றும் மெல்லிய படலம், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பதாகைகள். பட்டியலின் பாதி மண்டபத்துக்குள் இருந்து எடுக்கப்பட்டது போலிருக்கிறது. பிளாஸ்டிக் பூக்கள் அதில் இடம்பெறவில்லை. நாங்கள் தொட்டுப் பார்த்த அந்தப் பசுஞ்சுவர் எந்தத் தடைக்கும் உட்படாமல் நின்றதன் காரணம் அதுதான்.

இப்போது குருத்தோலை அலங்காரம் மீண்டும் மதிப்புப் பெற்றுவருகிறது. கிளி, பூப்பந்து, யானைமுகம் என்று ஓலையில் மடித்துத் தரும் கலைஞர்களுக்குத் திருமண வீடுகளில் அழைப்பு கிடைக்கிறது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஓலை திரும்பினால் மட்டும் போதாது. மடிப்பவருக்கு அவர் விரல்களின் திறமைக்கேற்ற கூலியும், பந்தியில் அனைவரோடும் ஓர் இலையும் கிடைக்க வேண்டும். நகரத்து மண்டபத்தில் கொட்டில் இல்லை, கொல்லை இல்லை. ஆகவே ஓலையும் மலரும் வாழையும் மறுநாள் எங்கே போகும் என்பதை முகூர்த்தநாள் குறிக்கும்போதே பேசி வைக்க வேண்டும். இல்லையேல் வாழைமரமும் பிளாஸ்டிக் இலையோடு ஒரே மூட்டையில்தான் போகும்.

அந்தத் திருமணத்தன்று நாங்கள் புறப்படும்போது மாட்டுக்காரர் வந்துவிட்டார். வாழைமரங்கள் இரண்டையும் சைக்கிளின் பின்னால் கிடத்திக் கட்டிக்கொண்டு, மண்டபத்துப் பணியாளருக்கு ஒரு சீப்புக் காயை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பசுஞ்சுவரைக் கழற்றிக் கோணிகளில் திணித்துக்கொண்டிருந்தார்கள்.