வேளிர், வேந்தர், வலையமைப்பு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைபவரை வரவேற்பது குதிரை மீதமர்ந்த வல்வில் ஓரியின் சிலை. அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஒரு சிறு வீட்டின் பின்னறையில், ஓரியின் பெயர் தாங்கிய வேறொன்றையும் அண்மையில் கண்டோம். கல்லாலும் உலோகத்தாலும் ஆகாத அது ஒரு பழைய மடிக்கணினிக்குள் மென்பொருளாக மட்டுமே இருந்த சுவிட்ச். அதனோடு பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி என மேலும் ஆறு. கடையெழு வள்ளல்களை வரிசையாக இணைத்து ஒரு வலையமைப்பைக் கட்டியிருந்தார் நம் பழைய மாணவர். கணினி அறிவியல் படித்த அவருக்கு நாம் நடத்தியது முதற்பகுதித் தமிழ். புறநானூற்றுப் பாடவேளை வீண்போகவில்லை என்று மகிழ்ந்தோம்.

விளையாட்டாக அவர் சூட்டிய அப்பெயர்கள் ஒரு வரலாற்றைச் சுருக்கிச் சொல்வதாகவே நமக்குப் பட்டது. கணினி வலையமைப்பின் கதை, வேளிரிடமிருந்து வேந்தர் கைக்கு அதிகாரம் மாறிய கதைதான்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் இயங்கத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மையம் ஒன்றை நம்பியிராத வலையமைப்பே தாக்குதலில் பிழைக்கும் என்று 1960களின் தொடக்கத்தில் பால் பாரன் எழுதியிருந்தார். செய்தியைச் சிறு பொதிகளாக உடைத்து அனுப்பும் அம்முறையில், வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் அடுத்த அடி எங்கே என்பதைத் தானே முடிவு செய்யும். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நின்று, அக்கம்பக்கத்து வளைவுகளில் நிற்பவர்களிடம் கேட்டறிந்ததைக் கொண்டு வண்டிகளுக்கு வழிகாட்டுவதைப் போன்றது இது. மலை முழுவதையும் கண்டவர் அவர்களுள் எவருமிலர். தம் எல்லைக்குள் தாமே அரசர்களாயிருந்த வேளிரின் உலகம் அது. இந்தியாவில் 1986இல் தொடங்கப்பெற்ற எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் இடம்பெற்றிருந்தது. நம் நாட்டு ஆய்வாளர்கள் வலையமைப்பைக் கட்டிப் பார்த்துக் கற்ற காலம் என அதனைச் சொல்லலாம்.

இணையம் பெருவணிகமான பின் அவ்வாய்ப்பு குறுகியது. முடிவெடுக்கும் அறிவும் பொதியைக் கடத்தும் உடலும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டன. உள்ளிருக்கும் மென்பொருள் அதை விற்ற நிறுவனத்துக்கே சொந்தம். வாங்கியவர் சில அமைப்புகளை மாற்றலாமேயன்றி, அது சிந்திக்கும் முறையை மாற்ற இயலாது. நாம் முன்பு பணியாற்றிய கல்லூரி ஒன்றில் வலையமைப்புக் கருவிகள் கண்ணாடிக் கதவிட்ட இரும்பு அலமாரியில் இருந்தன. சாவி அலுவலகத்தில் இருந்தது. வலையமைப்பைப் பாடமாகப் படித்த பிள்ளைகள் மூன்றாண்டுகள் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று பச்சை விளக்குகள் சிமிட்டுவதைப் பார்த்துவிட்டுப் பட்டம் பெற்றுப் போனார்கள். பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. ஏடுகள் பெட்டிக்குள் கிடந்தவரை சங்கப் புலவர் பாடிய ஓரியை அறிந்தவர் மிகச் சிலரே. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே அவன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியவனானான். அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் இது நம் நினைவுக்கு வரும்.

இதே குறை உலகின் பெரிய பல்கலைக்கழகங்களிலும் இருந்தது. புதிய கருத்தொன்றை உண்மையான வலையமைப்பில் சோதிக்க ஆய்வாளர்க்கு வழியில்லை. மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன், ஸ்காட் ஷெங்கர் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஈதேன் என்னும் ஆய்வு, 300க்கும் மேற்பட்ட கணினிகள் கொண்ட வலையமைப்பை ஒரே மையத்திலிருந்து ஆள முடியும் என்று காட்டியது. மறு ஆண்டு, 2008இல், ஓப்பன்ஃப்ளோ கட்டுரை வந்தது. அதனை எழுதிய எண்மருள் ஒருவர் 1993இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன். கல்லூரி வளாக வலையமைப்புகளில் புதியன முயல வழிசெய்வதே தன் நோக்கமென அக்கட்டுரை தலைப்பிலேயே அறிவித்தது. பூட்டிய அலமாரிக்கு எதிரான விண்ணப்பம் என்றே நாம் அதனைப் படித்தோம்.

அது கேட்டது சிறியது. பெட்டியின் முழு இரகசியத்தையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டியதில்லை. எப்பொதியை எங்கே அனுப்புவது என்ற விதிப்பட்டியலை வெளியிலிருந்து எழுத ஒரு வாயில் திறந்தால் போதும். அவ்வாறு திறந்தால் முடிவெடுக்கும் அறிவைப் பெட்டிகளிலிருந்து பிரித்து, கட்டுப்படுத்தி எனப்படும் தனி மென்பொருளில் வைக்கலாம். விதியில்லாத பொதி வந்தால் சுவிட்ச் கட்டுப்படுத்தியைக் கேட்கும். அது விடை கூறி, விதியையும் பட்டியலில் எழுதிவிடும். அதே வகைப் பொதி மறுமுறை வரும்போது கேட்க வேண்டியதில்லை. வளைவுகளில் நின்றவர்கள் இப்போது ஆணையை நிறைவேற்றுபவர்கள் மட்டுமே. மலை முழுவதையும் காண்பவன் வேந்தன் ஒருவனே. மென்பொருள் வரையறுக்கும் வலையமைப்பு, சுருக்கமாக எஸ்.டி.என்., என்னும் பெயர் 2009இல் வழக்கிற்கு வந்தது.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவானவை. கசாடோ முதலியோர் தொடங்கிய நிசிரா நிறுவனத்தை 2012இல் வி.எம்.வேர் 126 கோடி டாலருக்கு வாங்கியது. தன் தரவு மையங்களை இணைக்கும் உலகளாவிய வலையமைப்பை இம்முறையில் நடத்துவதாக கூகுள் 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. வளாகத்து மாணவருக்காகத் திறக்கப்பட்ட வாயில் வழியே முதலில் பெருவணிகமே நுழைந்தது. சுவிட்சின் சில்லையே நிரல் எழுதி மாற்றத்தக்கதாகச் செய்த பேர்ஃபுட் நிறுவனத்தை 2019இல் இன்டெல் வாங்கியது. அச்சில்லின் அடுத்த தலைமுறைகளை உருவாக்கும் பணியை 2023இல் நிறுத்தியது. வேந்தர் கைக்குப் போனவை வேந்தர் விருப்பப்படியே வாழும், மாயும். ஓரி வீழ்ந்தபின் கொல்லி சேரன் கைக்குப் போனதை அகநானூறு சொல்கிறது.

ஆனால் மாணவர் கையில் எஞ்சிய ஒன்றும் உண்டு. 2010இல் பாப் லான்ட்ஸ், பிராண்டன் ஹெல்லர், நிக் மெக்கியோன் ஆகியோர் வெளியிட்ட மினிநெட் அது. லினக்ஸ் இயங்குதளம் ஒரே கணினிக்குள் பல தனித்தனி வலையமைப்பு வெளிகளை வகுத்துத் தரவல்லது. அவற்றை மெய்ந்நிகர் கம்பிகளால் இணைத்து, சுவிட்சுகளும் கணினிகளும் கொண்ட முழு வலையமைப்பொன்றை மடிக்கணினிக்குள்ளேயே எழுப்பிவிடலாம். விலை ஏதுமில்லை. மலைமேல் நாம் கண்டது இதைத்தான். சேலத்தில் பழைய விலைக்கு வாங்கிய கணினி ஒன்றில் கட்டுப்படுத்தி, ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தில் பிறந்த ரியூ என்னும் மென்பொருள். மடிக்கணினியில் எழுவர். இரண்டுக்கும் இடையே ஒரு கம்பி. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வருவதால் ஒரு யு.பி.எஸ். இவ்வளவே அந்த ஆய்வகம்.

முதல் வாரத்தில் ஓரி எவருடனும் பேசவில்லையாம். காரியின் பட்டியலில் அவர் எழுதிய ஒரு விதியே காரணம். குறிப்பிட்ட முகவரிகளுக்குரிய பொதிகளை மட்டும் விடு, மற்றவற்றைத் தள்ளு என்பது அவ்விதி. ஆனால் கணினிகள் பொதி அனுப்புமுன், இந்த முகவரிக்குரியவர் யார் என்று கூவி அழைத்துக் கேட்கும். ஏ.ஆர்.பி. எனப்படும் அந்தக் கூவலையும் காரி தள்ளிவிட்டது. கூவல் எட்டாததால் விடையில்லை. விடையில்லாததால் அனுமதிக்கப்பட்ட பொதியும் புறப்படவில்லை. இரண்டு இரவுகள் வயர்ஷார்க் மென்பொருளில் பொதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். “வரலாற்றில் நடந்ததுதான் ஐயா, காரி ஓரியை முடித்துவிட்டான்” என்று சிரித்தார். அந்தக் கண்ணாடி அலமாரிக்குள் இப்பிழையைச் செய்திருந்தால் ஒரு கல்லூரியே ஒரு நாள் முடங்கியிருக்கும். அவர்மீது விசாரணையும் வந்திருக்கும். இங்கே இரண்டு இரவுகளோடு போயிற்று. பாடம் மட்டும் நின்றது.

இதற்கும் எல்லையுண்டு. ஒரே செயலியை எல்லாரும் பகிர்வதால் மினிநெட் காட்டும் வேகம் மெய்யான கருவியின் வேகம் ஆகாது. உண்மைச் சுவிட்சின் விதிப்பட்டியலுக்குள்ள இடநெருக்கடியும் இதில் தெரியாது. கைப்பழக்கத்திற்குக் கருவியைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

விடைபெறுமுன் ஒன்று கேட்டோம்: வேந்தன் மறைந்தால் என்னாகும்? அவர் கட்டுப்படுத்தியை நிறுத்திக் காட்டினார். ஏற்கெனவே எழுதப்பட்ட விதிகள்படி பொதிகள் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருந்தன. காலக்கெடு முடிந்த விதிகள் ஒவ்வொன்றாக நீங்க, வள்ளல்கள் வாயடைத்தனர். பிறகு சுவிட்சில் ஒரு சொல்லை மாற்றி மீண்டும் நிறுத்தினார். இம்முறை, தலைமை இல்லையென்று அறிந்ததும் எழுவரும் பழையபடி தத்தம் அறிவால் வழிகாட்டத் தொடங்கினர். வேந்தன் தளர்ந்தபோது வேளிர் தலையெடுத்ததை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். இரண்டில் எது நல்லதென்று அவரைக் கேட்டோம். “எதைக் காக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது ஐயா. தப்பான வழியில் போவதைவிட நிற்பது மேல் என்றால் முதலாவது. எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்றால் இரண்டாவது” என்றார்.

வகுப்பில் எந்த மாணவரும் இப்படி விடை சொன்னதில்லை. ஏன் என்று எண்ணியபடியே மலையிறங்கினோம்.