பரங்கிக்காய் விளக்கும் புனிதர் அனைவர் திருவிழிப்பும்

அக்டோபர் 31-ஆம் நாள் மாலையில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து போன்ற நாடுகளில் வீட்டு வாசல்தோறும் முகம் செதுக்கிய பரங்கிக்காய்கள், உள்ளே விளக்கோடு வைக்கப்படுகின்றன. "இது பேய்களின் விழா, கத்தோலிக்கர் இதைத் தொடலாமா?" என்று கேட்போர் உண்டு. "வெறும் விளையாட்டுதானே!" என்போரும் உண்டு. முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

ஹாலோவீன் என்ற சொல்லுக்கு "புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய மாலை" என்பதே பொருள். 8-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, உரோமை புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவர் பெயரால் சிற்றாலயம் ஒன்றை அர்ப்பணித்தார். அடுத்த நூற்றாண்டில் நவம்பர் 1 திருநாள் மேற்குத் திருச்சபையெங்கும் பரவியது. பின்னர் குளுனி மடாதிபதி புனித ஓதிலோ, நவம்பர் 2-ஐ இறந்தோருக்காக மன்றாடும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். அயர்லாந்தில் அதே நாள்களில் கொண்டாடப்பட்ட அறுவடை முடிவு விழாவின் வழக்கங்களும் இவற்றோடு கலந்தன.

விளக்கின் பின்னால் ஓர் ஐரிஷ் நாட்டுப்புறக் கதை உண்டு. யாருக்கும் எதுவும் கொடாத கஞ்சன் ஜாக், சாத்தானையே ஏமாற்றினான். இறந்தபின் விண்ணகமும் அவனை ஏற்கவில்லை, நரகமும் ஏற்கவில்லை. குடைந்த டர்னிப் கிழங்கில் ஒரு தணலை ஏந்தி இன்றும் அலைகிறானாம். அயர்லாந்து மக்கள் கிழங்கில்தான் முகம் செதுக்கினர். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அந்த மண்ணுக்கே உரிய பரங்கிக்காய் பெரியது, உள்ளே கூடானது, செதுக்க எளிது. கிழங்கின் இடத்தை அது பிடித்துக்கொண்டது.

செதுக்கும் முறை எளியது. மூடியைச் சாய்வாக அறுக்க வேண்டும். நேராக அறுத்தால் உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் வழித்தெடுத்து, செதுக்கும் பக்கத்தை ஓர் அங்குலக் கனத்துக்குச் சுரண்ட வேண்டும். படம் வரைந்த தாளை ஒட்டி, கோட்டின்மேல் ஊசியால் குத்தி, சிறு ரம்பத்தால் அறுக்கலாம். நுண்ணிய பகுதிகளை முதலில் அறுப்பது நல்லது. தோலை மட்டும் சீவினால் அங்கே மங்கிய ஒளி கசியும். கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். வரைவதும் வழிப்பதும் பிள்ளைகளின் பங்கு. மெழுகுதிரிக்குப் பதில் மின்கல விளக்கு பாதுகாப்பானது. சில நாள்களில் காய் அழுகிவிடும் என்பதால் விழாவை ஒட்டியே செதுக்க வேண்டும். வழித்த சதையைச் சமைக்கலாம், விதைகளை வறுத்து உண்ணலாம். உணவை வீணாக்க வேண்டாம்.

எதைச் செதுக்குவது? சிலுவை, பேதுருவின் திறவுகோல், குழந்தை தெரசாவின் ரோசா, சூசையப்பரின் லீலி மலர் என எத்தனையோ உண்டு. 2002-இல் பாரிஸ் மறைமாவட்டம், பிள்ளைகள் புனிதர்களாக வேடமிடும் 'ஹோலிவின்ஸ்' கொண்டாட்டத்தைத் தொடங்கியது. அதே மனத்தோடு இதையும் செய்யலாம்.

நாம் அஞ்ச வேண்டியது காயை அல்ல. நம் இறந்தோரை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டு, அவர்களுக்காகச் செபிக்க மறப்பதே அஞ்சத்தக்கது. எனவே இவ்வாண்டு விளக்கேற்றும்போது, நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மறுநாள் திருப்பலியில் பங்கேற்போம். ஜாக் கொடாததை நாம் கொடுப்போம்: தேவையில் இருப்போருக்கு ஒரு வேளை உணவு, இறந்தோருக்கு ஒரு மன்றாட்டு.