ரெண்டு கோப்பையும் 2-3 தோல்வியில்தான் தொடங்கின!

சீசன் ஆரம்பித்து மூணு மேட்ச் முடிந்தால் போதும். கால்பந்து ரசிகர்களில் பாதிப் பேர் "கோப்பை நமக்குத்தான்" என்பார்கள். மீதிப் பேர் "கோச்சைத் தூக்கு" என்பார்கள். நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். இது உலகம் முழுக்க உள்ள வியாதி, சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்குக் கொஞ்சம் அதிகம். (சென்னையின்... என்ன? என்று கேட்காதீர்கள். கிளப்பின் பெயரே அவ்வளவுதான். வகுப்பில் ஆளாளுக்குக் கேட்டாயிற்று :-) )

நம் சேலம், நாமக்கல் பக்கம் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் சேருகிற கூட்டம் கால்பந்துக்குச் சேராது. அதனால் முதலில் சின்ன அறிமுகம். இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல் 2014-ல் தொடங்கியது. அந்த வருடமே தொடங்கப்பட்டது சென்னையின் எஃப்சி. அபிஷேக் பச்சன், விதா டானி, நம்ம தோனி ஆகியோர் உரிமையாளர்கள். சொந்த மைதானம் சென்னை ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். இதுவரை இரண்டு முறை சாம்பியன்: 2015, 2017-18.

கேள்வி இதுதான்: சீசனின் முதல் சில ஆட்டங்களைப் பார்த்து ஒரு அணியின் தலையெழுத்தைச் சொல்ல முடியுமா? பி.காம் மாணவனுக்குத் தெரிந்த ஒரே வழி, பழைய கணக்கைப் புரட்டுவது. 2014 முதல் 2024-25 வரை மொத்தம் 11 சீசன். ஒவ்வொன்றிலும் முதல் ஆட்டம் என்ன ஆனது, கடைசியில் எங்கே முடிந்தது என்று எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது.

வெற்றியோடு தொடங்கிய வருடங்கள்

முதல் ஆட்டத்தை வென்ற சீசன்கள் ஐந்து.

2014: கோவாவில் எஃப்சி கோவாவை 2-1 என வென்று தொடங்கினார்கள். லீக் பட்டியலில் முதலிடம். எலானோ 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கினார். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 0-3 என உதை வாங்கி, சென்னையில் கூடுதல் நேரம் வரை போராடி 3-1 என ஜெயித்தும், மொத்தக் கணக்கில் 3-4 என வெளியே போனார்கள்.

2020-21: முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 2-1 என வென்றார்கள். முடிந்தது எட்டாம் இடத்தில்.

2021-22: முதல் நான்கு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இரண்டு வெற்றி, இரண்டு டிரா. "இந்த வருஷம் வேற லெவல்" என்று எல்லோரும் சொன்ன வருடம். முடிந்தது அதே எட்டாம் இடத்தில்!

2022-23: கொல்கத்தாவுக்கே போய் ஏடிகே மோகன் பகானை 2-1 என வென்றார்கள். மறுபடியும் எட்டு. (எட்டாம் இடத்துக்குப் பட்டாவே வாங்கிவிட்டார்களோ என்று தோன்றியது.)

2024-25: ஒடிசாவில் 3-2 வெற்றி. முடிந்தது பதினொன்றாம் இடத்தில்.

ஆக, வெற்றியோடு தொடங்கிய ஐந்து சீசன்களில் கோப்பை ஒன்றுகூட இல்லை. இறுதிப்போட்டிகூட இல்லை.

தோல்வியோடு தொடங்கிய வருடங்கள்

இவையும் ஐந்து. சுவாரஸ்யம் எல்லாம் இங்கேதான்.

2015 அக்டோபர் 3. சென்னையில் முதல் ஆட்டம், ஏடிகேயிடம் 2-3 தோல்வி. அடுத்தது டெல்லியிடம் 0-1. பிறகு கோவாவை 4-0 என நொறுக்கி நிமிர்ந்தவர்கள் மறுபடி சரிந்தார்கள். 10 ஆட்டம் முடிந்தபோது கையில் இருந்தது 10 புள்ளி. ஆறு தோல்வி. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகு வந்த நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தார்கள்.

அந்த நேரம்தான் சென்னையில் பெருவெள்ளம். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. ஊரே தண்ணீரில் நிற்க, அணி வேறு ஊரில் "சொந்த மைதான" ஆட்டம் ஆடி ஏடிகேயை 3-0 என வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதிப்போட்டி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம்சைடு கோல். அடுத்த இரண்டே நிமிடத்தில் மென்டோசா. 3-2! கோவா மைதானத்தில் கோவாவின் கொண்டாட்டம் பாதியில் நின்றது. அந்தக் கொலம்பியாக்காரர் ஸ்டீவன் மென்டோசா அந்த சீசனில் அடித்தது 13 கோல்.

2017-18. புது கோச் ஜான் கிரிகரி. முதல் ஆட்டம் சென்னையில் கோவாவுடன். இடைவேளைக்குள் 0-3. இரண்டாம் பாதியில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தும் 2-3 தோல்வி. ஆம், 2015-ன் அதே ஸ்கோர், அதே மைதானம். அடுத்த ஆட்டத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 3-0 என வென்று, லீக்கில் இரண்டாம் இடம் பிடித்து, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு எஃப்சியை அவர்கள் ஊரிலேயே 3-2 என வென்று இரண்டாம் கோப்பையைத் தூக்கினார்கள். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு டிஃபெண்டர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று.

2019-20 இன்னும் விசேஷம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மூன்று தோல்வி, ஒரு டிரா. ஐந்தாவது ஆட்டத்தில், அதுவும் 90 நிமிடம் தாண்டி காயநேரத்தில்தான், சீசனின் முதல் கோல் விழுந்தது. ஹைதராபாத்தை 2-1 என வென்ற அந்த ஆட்டத்துக்குப் பிறகு சில நாட்களில் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். அவர் வந்தவுடன் மந்திரத்தில் மாங்காய் விழவில்லை, தோல்விகளும் வந்தன. ஆனால் ஜனவரியில் பிடித்த வேகத்தில் கடைசி எட்டு லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. கொச்சியில் கேரளாவை 6-3 என அடித்ததும் அப்போதுதான். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என வென்று இறுதிக்குப் போனார்கள். 2020 மார்ச் 14 அன்று கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத மைதானத்தில் ஏடிகேயிடம் 1-3 என தோற்றார்கள். கோலே விழாத அணியில் இருந்துதான் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய நெரியஸ் வால்ஸ்கிஸும் வந்தார்.

2023-24: முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. முடிந்தது ஆறாம் இடம், பிளே-ஆஃப் வரை.

"அப்போ முதல் ஆட்டம் தோற்றால் கோப்பையா? சூப்பர், இனி தோற்கவே வேண்டிக்கலாம்" என்று கிளம்பாதீர்கள். ஐந்தாவது சீசன் ஒன்று பாக்கி இருக்கிறது.

2018-19. நடப்பு சாம்பியன். அதே கிரிகரி. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் நார்த்ஈஸ்ட்டுடன் சென்னையில் 3-4. "2015-லும் இப்படித்தான், எழுந்துடுவாங்க" என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எழவில்லை. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளிகளோடு கடைசி இடம்.

(முதல் ஆட்டம் டிரா ஆனது ஒரே சீசனில், 2016-ல். கொல்கத்தாவில் 2-2. நடப்பு சாம்பியனாக இறங்கி ஏழாம் இடத்தில் முடித்தார்கள்.)

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது?

நாமக்கல்லில் முட்டை விலை தினமும் அறிவிப்பார்கள். ஒரு வாரம் ஏறியதைப் பார்த்து வருட லாபம் இவ்வளவு என்று கணக்கு எழுதுகிற பண்ணைக்காரர் யாரும் இல்லை. ஒரு வாரம் இறங்கியதற்காகக் கோழியை எல்லாம் விற்கிறவரும் இல்லை. தீவன விலை என்ன, கோழிகளின் வயது என்ன என்று பார்ப்பார்கள். அதே மாதிரிதான் இதுவும். ஸ்கோரைவிட, அந்த ஸ்கோர் எப்படி வந்தது என்பதுதான் முக்கியம்.

2017-ல் 0-3 என இருந்த அணி இடைவேளைக்குப் பிறகு இரண்டு கோல் போட்டது. ஆடத் தெரிந்த அணி அன்று தாமதமாக விழித்தது, அவ்வளவுதான். 2018-ல் நார்த்ஈஸ்ட்டுடன் 3-1 என முன்னிலையில் இருந்தவர்கள் 3-4 என தோற்றார்கள். கையில் இருந்ததைக் காப்பாற்றத் தெரியாத அணி அது. இரண்டும் ஒரே ஒரு கோல் வித்தியாசத் தோல்விதான். பட்டியலில் இரண்டுக்கும் பூஜ்யம் புள்ளிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

"கோச்சை மாற்று" என்ற கோஷத்துக்கும் வரலாறு நேரான பதில் சொல்லவில்லை. 2015-ல் மத்தெராஸியை மாற்றவில்லை, கோப்பை வந்தது. 2018-19-ல் கிரிகரியை மாற்றவில்லை, கடைசி இடம் வந்தது. 2019-ல் மாறினார்கள், இறுதிப்போட்டி வந்தது. சூத்திரம் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. அது லீக்கின் அமைப்பு. 2015-ல் மொத்தம் 8 அணி, 14 ஆட்டம், முதல் நான்கு அணிக்கு அரையிறுதி. அதாவது பாதி அணிகள் பாஸ்! லேட்டாக விழித்தாலும் பிழைக்கலாம். 2023-24-ல் ஆறாம் இடத்துக்கும் பிளே-ஆஃப் உண்டு. உலகக் கோப்பையும் இந்த வகைதான். 2010-ல் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் தோற்று சாம்பியன் ஆனது. 2022-ல் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் தோற்று சாம்பியன் ஆனது. நாக்-அவுட் வைத்த போட்டிகளில் ஆரம்பத் தோல்வி என்பது அடைக்கக்கூடிய கடன்.

நாக்-அவுட் இல்லாத லீக்கில்? அதற்கும் உதாரணம் தேடி இங்கிலாந்து போக வேண்டாம், நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது.

கோவையில் ஒரு சாம்பியன்

சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை இருந்தாலும் 2018-19 ஐ-லீக்கில் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். முந்தைய இரண்டு சீசனிலும் எட்டாம் இடத்தில் முடித்த அணி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். 2018 அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸை 4-1 என வென்றார்கள். பெட்ரோ மான்சி ஹாட்ரிக். நவம்பரில் கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என வென்றார்கள். "சின்ன டீம், கொஞ்ச நாள் ஆடும்" என்றுதான் அப்போது பேச்சு.

ஐ-லீக்கில் பிளே-ஆஃப் கிடையாது. 20 ஆட்டம், யாருக்கு அதிக புள்ளியோ அவர்களுக்குக் கோப்பை. 2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு என 3-1 வெற்றி. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. முடிவில் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி!

அக்டோபரில் எடுத்த மூன்று புள்ளிக்கும் மார்ச்சில் எடுத்த மூன்று புள்ளிக்கும் தராசில் ஒரே எடை. நவம்பரில் அந்தக் கொல்கத்தா ஆட்டம் டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை கைமாறியிருக்கும். ஆக, "ஆரம்பம் முக்கியமா" என்ற கேள்விக்கு, எந்த லீக்கில் என்று திருப்பிக் கேட்பதுதான் சரி. ஐஎஸ்எல்லிலும் 2019-20 முதல் லீக்கில் முதலிடம் பிடித்த அணிக்குத் தனியாக ஷீல்டு தந்தார்கள். 2024-25 வரை சென்னையின் எஃப்சி அதை ஒருமுறைகூட வாங்கவில்லை. காரணம் புரிகிறதல்லவா? தாமதமாக விழிக்கும் அணிக்குக் கோப்பை கிடைக்கலாம், ஷீல்டு கிடைப்பது கஷ்டம்.

ஃபார்மைவிடப் பெரிய கவலை

ஆனால் கோவைக் கதை அங்கே முடியவில்லை. சாம்பியன் ஆன அந்த சென்னை சிட்டியில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாஸல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அதையும் மீறி, 2020-21 சீசனோடு சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்து காணாமல் போனது. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த தேசிய சாம்பியன், பட்டம் வென்று இரண்டே வருடத்தில் இல்லை. அதை வீழ்த்தியது ஆரம்ப ஃபார்மோ கடைசி ஃபார்மோ இல்லை. மைதானத்துக்கு வெளியே நடந்த விஷயங்கள்.

சென்னையின் எஃப்சிக்கும் அந்த பயம் வந்தது. லீக்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்ததால், புது ஏற்பாடு ஆகாமல் 2025 ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் அணியின் வேலைகளையே தற்காலிகமாக நிறுத்தியது. அந்த செப்டம்பரில் ஜெயிக்கவும் ஆட்டம் இல்லை, தோற்கவும் ஆட்டம் இல்லை. திட்டுவதற்குக்கூட ஒரு 2-3 இல்லை.

கணக்குப் பாடத்தில் ஒரு அடிப்படை அனுமானம் உண்டு: நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் எந்தக் கணக்கையும் எழுத வேண்டும். அது உடைந்தால் லாபம், நஷ்டம் எல்லாமே அர்த்தம் இழந்துவிடும். கிளப்புக்கும் அதேதான். எட்டாம் இடமோ கடைசி இடமோ, அடுத்த வருடம் ஆட அணி இருந்தால் அது வெறும் நஷ்டக் கணக்கு. முதல் ஆட்டத்தில் 2-3 என தோற்றுவிட்டு "கோச்சைத் தூக்கு" என்று நாம் கத்துகிறோம் என்றால், கத்துவதற்கு நமக்கு ஒரு கிளப் இருக்கிறது என்று அர்த்தம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இப்போது அதுகூட இல்லை.