தரவுக் கிடங்கு இடமாற்றம்: வன்பொருள் திட்டமிடல்

ஒரு நிறுவனம் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த தரவுகளை, உரிமக் கட்டணம் கோரும் தரவுத்தளத்திலிருந்து, 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் ஆரம்பமாகி 1996-இல் இப்போதைய நாமத்தை ஏற்ற போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் திறமூலத் தரவுத்தளத்திற்குக் கொண்டுசெல்லுமுன், அதைத் தாங்கவல்ல சேமிப்பகம், நினைவகம், செயலி ஆகியவற்றை நிர்ணயிக்கும் காரியம்.

இவற்றுள் பிரதானமானது சேமிப்பகமே. கிடங்கில் எழும் வினவல்கள் பெரிய அட்டவணைகளை ஆதியோடந்தமாகப் படிப்பவை ஆதலால், வட்டு வினாடிக்கு எத்தனை மெகாபைட்டைத் தொடர்ச்சியாக வழங்கும் என்பதே வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பழைய தளத்தில் தரவு பிடித்த இடத்தையே அளவுகோலாகக் கொள்வது அபாயகரமானது. ஏனெனில் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பதிவுக்கும் 23 பைட்டுத் தலைப்பைச் சேர்ப்பதோடு, திருத்தப்பட்ட பதிவின் முந்தைய பிரதியையும் ‘வேக்கம்’ என்னும் துப்புரவு நிகழும்வரை சுமந்துகொண்டிருக்கும். மூலத்தளம் தரவை நெடுவரிசைகளாகச் சுருக்கிவைப்பதாயின் வித்தியாசம் பன்மடங்காகலாம். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறைகளுள் ரெய்டு 5 இடத்தை மிச்சப்படுத்தினும், சிறிய எழுதுசெயல் ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டுச் செயல்களைக் கோருவதால், ரெய்டு 10-ஐயே அனுபவசாலிகள் விரும்புவர்.

நினைவகத்தில் கால் பங்கைப் பொது இடையகத்திற்கு ஒதுக்கித் தொடங்கலாம் என்பது அத்தளத்தின் ஆவணங்கள் கூறும் ஆலோசனை. ‘வொர்க் மெம்’ என்னும் வரம்போ வினவல் முழுமைக்குமன்று, அதனுள் நிகழும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே பொருந்துவது என்பதை மறந்து, அதனைத் தாராளமாக உயர்த்துவோரின் சேவையகம் நினைவகமின்றித் தத்தளிக்கும். செயலியைப் பொறுத்தவரை, 2016-இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்புக்கு முன்னர் ஒரு வினவல் ஒரே செயலிக் கருவில்தான் ஓடியது; ஒருவர் கேட்கும் பெருவினவலுக்குப் பல கருக்கள் துணைநிற்கத் தொடங்கியது அதன்பின்னரே.