கிறீன்ஹம் பொதுநிலம்: விமானத் தளமும் மேய்ச்சல் உரிமையும்

இராணுவம் கையேற்ற நிலம் மக்களிடம் மீள்வது அரிது. இங்கிலாந்தின் நியூபரி நகரை அடுத்த கிறீன்ஹம் பொதுநிலம் அவ்வாறு மீண்ட ஒன்றாகும். அம்மீட்சியைச் சமாதான இயக்கத்தின் சாதனையாக மட்டும் நோக்குதல் போதாது. நிலவுரிமை வரலாற்றோடும் இணைத்து நோக்க வேண்டும்.

அயற் கிராமத்தவர் கால்நடை மேய்த்த இந்நிலம் 1941இல் போர்க்கால விமானத் தளத்துக்கெனக் கையேற்கப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படை இங்கு நிலைகொண்டது. குரூஸ் ஏவுகணைத் திட்டத்தை எதிர்த்து 1981 செத்தெம்பரில் கார்டிவிலிருந்து நடந்துவந்த பெண்கள் வாயிலில் முகாமிட்டனர். எனினும் 1983 நவெம்பரில் ஏவுகணைகள் வந்திறங்கின.

தளத்தினுள் நுழைவோரைத் தண்டிக்க 1985இல் துணைவிதிகள் இயற்றப்பட்டன. அவற்றுக்கு ஆதாரமான 1892ஆம் ஆண்டுச் சட்டமோ, பொதுநில உரிமைகளுக்கு ஊறு விளைத்தலைத் தடைசெய்திருந்தது. இதனால் 1990இல் பிரபுக்கள் சபை அத்துணைவிதிகள் செல்லாவெனத் தீர்த்தது. வழக்காடிய பெண்களுக்கு அந்நிலத்தில் மேய்ச்சல் உரிமை இருக்கவில்லை. பிறரது பழைய உரிமையே அவர்களைக் காத்தது.

ஏவுகணைகளை அகற்றியது 1987ஆம் ஆண்டு அமெரிக்க-சோவியத் உடன்படிக்கையே. இறுதி ஏவுகணை 1991இல் வெளியேறியது. மறுவருடம் அமெரிக்கர் நீங்கினர். ஓடுபாதை உடைக்கப்பட்டு, அதன் கொங்கிறீற்று நியூபரியைத் தவிர்த்துச் செல்லும் நெடுஞ்சாலைக்குப் பயன்பட்டது. கட்டடப் பகுதி வணிகப் பேட்டையாயிற்று. எஞ்சிய பெருவெளி 2000இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் தனிச்சட்டமொன்று மேய்ச்சல் உரிமையையும் மக்களின் நுழைவுரிமையையும் உறுதிசெய்தது.

உடன்படிக்கை ஆயுதத்தை அகற்றியது. ஆனால் வெறுமையான நிலம் யாருக்குரியது என்ற வினாவுக்கு, இராணுவம் வருமுன்பே அங்கு நிலவிய கூட்டுரிமையே விடையளித்தது.