நான்கு சக்கரங்களும் இழுத்தால்

மோட்டார் காருக்கு நான்கு சக்கரங்கள் என்று பெயர்தான். பெரும்பாலான கார்களில் எஞ்சினோடு சேர்ந்து உழைப்பவை இரண்டே. மற்ற இரண்டும் வீட்டோடு மாப்பிள்ளையைப் போலக் கூடவே உருண்டு வருகின்றன. இந்த அநியாயத்தை ஒழித்து, நான்கையும் வேலை வாங்கினால் என்ன? இது புதிய யோசனையல்ல. 1903-ம் ஆண்டிலேயே ஹாலந்து தேசத்து ஸ்பைக்கர் கம்பெனியார் அப்படி ஒரு பந்தயக் காரைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அந்த யோசனையை உலகமெங்கும் கொண்டு போய்ச் சேர்த்தது யுத்தம். 1940-ல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த ஜீப், சேறு, மணல், பனி எதையும் லட்சியம் செய்யவில்லை. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் தயாராயின. அதில் சவாரி செய்த முதுகுக்குத்தான் அதன் அருமை தெரியும்! சிப்பாய்க்கு ஏற்றது குடும்பஸ்தனுக்கு ஏற்குமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் மின்சார ஊழியர்களும் உண்டு. வடகிழக்கு ஜப்பானில் தோஹோகு மின்சாரக் கம்பெனியின் ஆட்கள், பனிக் காலத்தில் மலைப் பக்கத்து மின்கம்பிகளைப் பார்வையிட ஜீப்பில் போய்க் குளிரில் விறைத்தார்கள். ஜீப்பைப் போல ஏற வேண்டும், காரைப் போலக் கதகதப்பாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். மியாகி ஊர் சுபாரு வியாபாரிகள் 1971-ல் ஒரு சிறிய வண்டியை அப்படி மாற்றிக் கொடுத்தார்கள். அதன் வழியில், மறு வருஷமே சுபாரு லியோன் என்ற நான்கு சக்கர இழுவை வண்டி கடைக்கு வந்தது.

அடுத்த அத்தியாயம் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஆடி கம்பெனியின் எஞ்சினீயர் யோர்க் பென்ஸிங்கர், பின்லாந்துப் பனியில் நடந்த சோதனைகளின்போது ஓர் அதிசயத்தைக் கண்டார். இல்டிஸ் என்ற 75 குதிரைச் சக்தி ராணுவ வண்டி, அதைவிடப் பலமான கார்களைச் சர்வ சாதாரணமாக முந்திப் போயிற்று. 1977-ல் அவர் யோசனை சொல்ல, 1978 ஜனவரியில் மாதிரிக் கார் ஒன்று கோடைக்கால டயர்களுடனேயே ஆஸ்திரியாவின் பனி மூடிய டுர்ராக்கர் மலைப் பாதையில் ஏறிக் காட்டியது.

மலையை வென்ற காரைக் கடைவீதி மடக்கிவிட்டது. வோக்ஸ்வாகன் கம்பெனியின் அதிகாரி எர்ன்ஸ்ட் ஃபியாலா காரை வியன்னாவுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி அதில் கடைக்குப் போய் வந்து, "கார் துள்ளுகிறது" என்றார். உண்மைதான். திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன. பின் சக்கரங்களுக்குச் சின்ன வட்டம். இரண்டையும் இறுகப் பிணைத்தால் உலர்ந்த தெருவில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அந்தச் சண்டையைத் தீர்க்க நடுவிலே ஒரு டிஃபரன்ஷியலை வைத்தார்கள். 1980-ல் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ அரங்கேறியது.

சரி, தினமும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவருக்கு இது அவசியமா? 1966-ல் வந்த ஜென்ஸன் என்ற இங்கிலீஷ் கார் இதற்குப் பதில் சொல்கிறது. அதில் நான்கு சக்கர இழுவையும் இருந்தது. சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் காக்கும் பிரேக்கும் இருந்தது. இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு என்பதை அதைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். மொத்தம் 320 கார்கள்தான் செய்தார்கள். ஆனால் அந்த இரண்டு வரங்களில் இன்று பல தேசங்களில் புதுக் கார்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிரேக்கைத்தான், இழுவையை அல்ல.

அதில் நியாயம் இருக்கிறது. எஞ்சின் எத்தனை சக்கரங்களைச் சுழற்றினாலும், பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கையுமே பிடிக்கிறது. மழையில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், காரை நிறுத்துவது தரையைத் தொடும் உள்ளங்கை அகல ரப்பர்தான். வழுக்கும் சாலையில் சுலபமாகக் கிளம்பிவிட்டவனுக்கு, சாலை வழுக்குவதே மறந்து போகிறது. அங்கேதான் ஆபத்து.

பனியிலும் சேற்று மேட்டிலும் குடியிருப்பவர்கள் அதிகக் காசு கொடுத்து, அதிகப் பெட்ரோலும் போட்டு இந்த வண்டியை வாங்கலாம். அவர்களுக்கு அது வீண் செலவல்ல. மற்றவர்கள் தேய்ந்த டயரை மாற்றினாலே போதும்.